போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து வரவில்லையா? பாக்கெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வெளியூரிலிருந்து கடை கேமராவைப் பார்க்க வேண்டும், வீட்டிலிருந்து அலுவலக டேலியைத் திறக்க வேண்டும் என்று கேட்டால், "ரவுட்டர்ல போர்ட்டை ஓப்பன் பண்ணுங்க, வந்துடும்" என்று யாராவது சொல்வார்கள். பண்ணிப் பார்த்தால் பல நேரம் வராது. உடனே ரவுட்டரில் எழுதிய அந்த ஃபார்வர்டிங் விதியை அழித்து மறுபடி போடுவது, ரவுட்டரை ரீசெட் செய்வது, கடைசியில் புது ரவுட்டரே வாங்குவது என்று வேலை நீளும். பெரும்பாலும் கோளாறு அந்த விதியில் இருக்காது. விதிக்கு முன்னால், இணைய நிறுவனத்தின் பக்கம் இருக்கும். இல்லையென்றால் விதிக்குப் பின்னால், கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரில் யாரோ தவறாக நிரப்பிய, வெளியே போகும் வழியைக் குறிக்கும் கேட்வே எண்ணில் இருக்கும்.

அதனால் விதியை எப்படிப் போடுவது என்பதைவிட, அனுப்பிய பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) எதுவரை வந்தது, அதற்கான பதில் எந்த வழியாகத் திரும்பியது என்று கண்டுபிடிக்கத் தெரிவதுதான் முக்கியம். முன் அனுபவம் எதுவும் வேண்டாம். வரிசையாகப் பார்த்தால் போதும்.

## ஒரு வெளி எண், உள்ளே பல எண்கள்

ஆபரேட்டர் வைத்திருக்கும் அலுவலக இன்டர்காமை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்குத் தெரிந்த டெலிபோன் எண் ஒன்றுதான். உள்ளே அக்கவுண்ட்ஸுக்கு 101, குடோனுக்கு 102 என்று எண்கள் உண்டு. உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து ஒருவர் அழைத்தால், அதை எந்த எண்ணுக்குக் கொடுப்பது என்று ஆபரேட்டருக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அழைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

ரவுட்டர் செய்வதும் இதே வேலை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் ஐபி முகவரி. இணையத்தில் நேரடியாகப் போய்ச் சேரக்கூடியது பொது ஐபி. அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாவது தனி ஐபி. தனி ஐபிக்கென்று 10 என்று தொடங்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள், 192.168 என்று தொடங்கும் எண்கள் ஆகிய மூன்று தொகுதிகள் 1990களிலிருந்து இன்றுவரை ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் அலுவலகத்திலும் பக்கத்துக் கடையிலும் ஒரே 192.168.1.10 இருக்கலாம். இரண்டுமே வெளியே தெரியாததால் குழப்பம் வராது.

ஒரே ஐபியில் பல சேவைகள் ஓடுவதால், எந்தச் சேவை என்று குறிக்க 65535 வரை போகும் இன்னொரு எண் உண்டு. அதுதான் போர்ட். ரவுட்டரின் பின்னால் கேபிள் செருகும் இடத்தையும் போர்ட் என்றுதான் சொல்கிறோம். இங்கே பேசுவது எண்ணைப் பற்றி. தொலைவிலிருந்து விண்டோஸ் டெஸ்க்டாப்பைத் திறப்பதற்கு 3389. டேலி வழக்கமாகப் பயன்படுத்துவது 9000. கேமரா பெட்டிகளில் ஹிக்விஷனுக்கு 8000, டாஹுவாவுக்கு 37777.

உள்ளிருக்கும் 192.168.10.50 என்ற கணினி வெளியே ஒரு தளத்தைத் திறக்கும்போது, ரவுட்டர் அந்தப் பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது ஐபியை எழுதுகிறது. எந்தக் கணினிக்காக, எந்தப் போர்ட்டில் அனுப்பினோம் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உள்ளே தருகிறது. இந்த முகவரி மாற்றத்துக்குப் பெயர் நேட். வெளியிலிருந்து தானாக வரும் பாக்கெட்டுக்குப் பட்டியலில் வரி இருக்காது. ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்தப் பட்டியலில் நாமே முன்கூட்டி எழுதி வைக்கும் ஒரு நிரந்தர வரி: "37777க்கு எது வந்தாலும் 192.168.10.30க்குக் கொடு."

இதுவரை பார்த்ததில் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். அந்த ஒரு வரி முகவரியை மட்டும் மாற்றுகிறது. பாக்கெட் ரவுட்டர்வரை வந்து சேருமா, டிவிஆர் பதில் சொல்லுமா, அந்தப் பதில் சரியான வழியில் திரும்புமா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை.

## முதலில் உள்ளே

சோதனையை எப்போதும் உள்ளிருந்து வெளியே நோக்கிச் செய்யுங்கள். நம் உதாரண அலுவலகத்தில் ரவுட்டர் 192.168.10.1, டேலி ஓடும் சர்வர் 192.168.10.20, டிவிஆர் 192.168.10.30.

அதே ரவுட்டரில் இருக்கும் வேறொரு விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையை 192.168.10.30 என்ற ஐபியுடனும் 37777 என்ற போர்ட்டுடனும் ஓட்டுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் சேவை உயிரோடு இருக்கிறது. ஃபால்ஸ் என்று வந்தால் ரவுட்டர் பக்கமே போக வேண்டாம். உள்ளேயே கிடைக்காத சேவை வெளியே கிடைக்காது. வெறும் பிங் மட்டும் ஓட்டி முடிவுக்கு வராதீர்கள். கருவி ஓடுகிறதா என்பதைத்தான் பிங் சொல்லும், போர்ட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பல விண்டோஸ் கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங்குக்குப் பதில் தராது.

சேவை இருப்பது கணினியில் என்றால், அந்தக் கணினியிலேயே நெட்ஸ்டாட் கட்டளையை -ஏஎன்ஓ சேர்த்து ஓட்டுங்கள். 0.0.0.0:9000 என்று இருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் வருவதைக் கேட்கிறது என்று பொருள். 127.0.0.1:9000 என்று இருந்தால் தன் கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டுமே கேட்கிறது. அப்படியானால் அந்த மென்பொருளின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். நெட்ஸ்டாட்டில் சரியாக இருந்தும் பக்கத்துக் கணினியிலிருந்து வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். ஃபயர்வால் என்பது எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் காவல். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் அது கூடுதலாக இறுக்கிப் பிடிக்கும். அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கான லேனில் 'ப்ரைவேட்' என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று. ரவுட்டர் கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. டிவிஆர் அதிலிருந்து ஐபி வாங்கிக்கொண்டிருந்தால், ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் .30 என்பது .34 ஆகிவிடலாம். விதி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். டிவிஆரின் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷன் பக்கத்தில் பதிந்து, அந்த ஐபியை அதற்கே நிரந்தரமாக்கிவிடுங்கள்.

## பதில் திரும்பும் வழி

அதிகம் பேரைச் சுற்றவிடும் கோளாறு இதுதான். உள்ளே எல்லாம் வேலை செய்யும், விதியும் சரியாக இருக்கும், வெளியிலிருந்து மட்டும் வராது.

தன் லேனுக்குள் இருக்கும் கருவிக்குப் பதில் அனுப்ப டிவிஆருக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. வெளியூர் ஐபிக்குப் பதில் அனுப்பத்தான் வழி தெரிய வேண்டும். "எனக்குத் தெரியாத முகவரி எதுவானாலும் இவரிடம் கொடுத்துவிடு" என்று குறிக்கும் ஐபிதான் கேட்வே. நம் அலுவலகத்தில் அது 192.168.10.1. டிவிஆரில் ஐபியைக் கையால் போட்டவர் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். பழைய ரவுட்டரின் 192.168.1.1 அப்படியே இருக்கலாம். அப்போது வெளியிலிருந்து வரும் கோரிக்கை டிவிஆர்வரை வந்துவிடும். பதில் அங்கேயே செத்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. இணைய நிறுவனம் மாறி, ரவுட்டரும் மாறிய மறுநாள் கேமரா வெளியே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் கட்டம்தான்.

இரண்டு இணைய இணைப்பு வைத்திருக்கும் அலுவலகங்களில் இதே நோய் வேறு வடிவில் வரும். கோரிக்கை முதல் இணைப்பின் வழியாக வரும். பதில் இரண்டாவது இணைப்பின் வழியாக, வேறு பொது ஐபியோடு போகும். கேட்டவர் ஒரு முகவரியிடம் கேட்டார், பதில் வேறு முகவரியிலிருந்து வருகிறது. அவருடைய கருவி அதை ஏற்காது. ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. வந்த இணைப்பிலேயே பதிலும் போக வேண்டும் என்று ரவுட்டரில் அமைக்க வேண்டும். லோட் பேலன்ஸ் ரவுட்டர்கள் பலவற்றில் இதற்கென ஒரு அமைப்பு இருக்கும்.

## பொது ஐபி உங்களுடையதா?

ரவுட்டரின் நிலைப் (ஸ்டேட்டஸ்) பக்கத்தில் வான் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி, என்று ஓர் எண் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உலாவியில் 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது தளத்தைத் திறந்து, அது சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டே நிமிட வேலை. இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் விதியோடு போராடுகிறவர்கள் ஏராளம்.

இரண்டும் ஒன்றானால் நல்லது, மேலே போகலாம்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. பெரும்பாலும் அது இணைய நிறுவனம் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிதான். முகவரி இரண்டு முறை மாற்றப்படுவதால் இதை டபுள் நேட் என்பார்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட் அந்தப் பெட்டியிலேயே நின்றுவிடும். உங்கள் விதியை அது எட்டுவதே இல்லை. சுத்தமான தீர்வு, பெட்டியை, முகவரியை மாற்றாமல் அப்படியே கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லி இணைய நிறுவனத்திடம் கேட்டு, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரவுட்டரில் போடுவது. அது முடியாதபோது, பெட்டியில் டிஎம்இசட் என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் வான் ஐபியைக் கொடுத்தால், வருவதையெல்லாம் அது ரவுட்டருக்குத் தள்ளிவிடும்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் கதை வேறு. ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதன் பிறகு, ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் இணைய நிறுவனங்களில் பரவியது. நேட்டை நிறுவனத்தின் பக்கமே செய்வதால் இதற்கு சிஜிநேட் என்று பெயர். 2012இல் இந்த 100.64 தொகுதி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்களையும் இதற்குப் பயன்படுத்துகின்றன. ஆகவே பெட்டியை பிரிட்ஜில் போட்ட பிறகும், அல்லது பெட்டியின் சொந்த வான் ஐபியைப் பார்க்கும்போதும், தனி ஐபியே தெரிந்தால் அதுவும் சிஜிநேட்தான்.

சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு போர்ட் ஃபார்வர்டிங் செய்ய முடியாது. எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் முடியாது, ஏனென்றால் முதல் ஆபரேட்டர் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. கூடுதல் கட்டணம் கொடுத்து நிலையான பொது ஐபி வாங்கலாம். இல்லையென்றால், கேமராவுக்கு மட்டும்தான் தேவை என்றால், டிவிஆர் தானே வெளியே போய் இணைத்துக்கொள்ளும் அதன் கிளவுட் வசதியைப் பயன்படுத்தலாம்.

இதுவரை: சேவை உள்ளே கேட்கிறது, கேட்வே சரி, பொது ஐபி நம் ரவுட்டரிலேயே இருக்கிறது. இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் விதியைத் தொட வேண்டும்.

## வெளியிலிருந்து சோதிப்பது

அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு பொது ஐபியை அடித்து "வரவில்லை" என்று சொல்வது தவறான சோதனை. ஏன் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 192.168.10.50 கணினி பொது ஐபிக்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதை 192.168.10.30க்குத் திருப்பிவிடுகிறது. டிவிஆர் அனுப்புநரைப் பார்க்கிறது: 192.168.10.50, நம் லேன்தானே என்று பதிலை நேராகவே கொடுத்துவிடுகிறது, ரவுட்டரைத் தொடாமல். கணினியோ பொது ஐபியிடமிருந்து பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, 192.168.10.30 என்ற முகவரியிலிருந்து வருவதைக் குப்பையில் போடுகிறது. இதைச் சரிசெய்யும் வசதி ஹேர்பின் நேட். சில ரவுட்டர்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதனால் கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

தோல்வி இரண்டு விதமாக வரும், இரண்டும் ஒன்றில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே மறுப்பு வந்தால் பாக்கெட் ஏதோ ஒரு கருவியை எட்டியிருக்கிறது; அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. சேவை நின்றிருக்கலாம், விதியில் உள் போர்ட் எண் தவறாக இருக்கலாம், மறுத்தது ரவுட்டராகவே இருக்கலாம். நெடுநேரம் காத்திருந்து 'டைம்ட் அவுட்' என்று வந்தால் பாக்கெட்டோ பதிலோ வழியில் தொலைந்திருக்கிறது: சிஜிநேட், ஃபயர்வால், தவறான கேட்வே இவற்றில் ஒன்று. விண்டோஸ் ஃபயர்வால் மறுப்புகூடச் சொல்லாமல் மௌனமாகக் கைவிட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் ஒவ்வொரு நேட் விதிக்கும் பக்கத்தில் பாக்கெட் எண்ணிக்கை தெரியும். மொபைலிலிருந்து முயலும்போது அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் பிரச்சினை ரவுட்டருக்கு வெளியே, அல்லது விதியிலேயே இருக்கிறது. ஏறுகிறது என்றால் விதியை விட்டுவிட்டு உள்ளே தேடுங்கள். பாதிப் பட்டியலை ஒரே பார்வையில் கழித்துவிடும் சோதனை இது.

விதியில் வரும் தவறுகள் சிலவே. பாக்கெட் அனுப்பும் இரண்டு முறைகளில் டிசிபிக்குப் பதில் யுடிபி தேர்ந்தெடுப்பது ஒன்று. ரவுட்டரின் நிர்வாகப் பக்கமே 80 அல்லது 443ஐப் பிடித்து வைத்திருக்கும்போது அதே எண்ணை ஃபார்வர்ட் செய்ய முயல்வது இன்னொன்று. இணைய நிறுவனமே சில போர்ட்களைத் தடுத்து வைத்திருப்பதும் உண்டு. வெளி எண்ணை மட்டும் வேறாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## குடோனுக்கு இரண்டாவது ரவுட்டர்

கம்பெனி வளர்ந்து, பக்கத்துக் குடோனுக்குக் கேபிள் இழுத்து, அங்கே ஒரு ரவுட்டர் வைக்கிறார்கள். அதற்குள் 192.168.20 என்று தொடங்கும் எண்கள். குடோன்காரர் டேலியைத் திறக்கிறார், வருகிறது. அலுவலகத்திலிருந்து குடோன் பிரிண்டருக்கு அனுப்பினால் போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்ற இந்த அறிகுறியைக் கண்டாலே, கேபிள் இரண்டாவது ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது, அது இன்னொரு நேட் செய்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வெறும் வைஃபைக்காகத்தான் அந்த ரவுட்டர் என்றால், தனி நெட்வொர்க்கே வேண்டாம். அதன் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.10.2 என்று லேன் ஐபி கொடுத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள். வேலை முடிந்தது. பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

தனி நெட்வொர்க் வேண்டும் என்றால் ரவுட்டிங் தேவை. எந்த முகவரிக்கு எந்த வழி என்று தீர்மானிப்பதுதான் ரவுட்டிங். அந்த வழியை நாம் கையால் எழுதுவது ஸ்டாட்டிக் ரூட். குடோன் ரவுட்டரின் வான் ஐபியை 192.168.10.2 என்று வைத்து, அதில் நேட்டை அணையுங்கள். வான் பக்கமிருந்து வருவதை அதன் ஃபயர்வால் விட வேண்டும். முதன்மை ரவுட்டரில் "192.168.20.0, மாஸ்க் 255.255.255.0, வழி 192.168.10.2" என்று ஒரு வரி எழுதுங்கள். 20 என்று வரும் எண்களுக்கும் முதன்மை ரவுட்டர் நேட் செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடோனுக்கு இணையம் வராது. வீட்டு உபயோக ரவுட்டர்கள் பலவற்றில் நேட்டை அணைக்கவே முடியாது, வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் பிங் போகிறது, ஆனால் பிரிண்டர் பக்கம் திறக்காமல் தொங்குகிறது என்று ஒரு நிலை வரும். அலுவலகக் கணினியின் பாக்கெட் முதன்மை ரவுட்டர் வழியாகக் குடோன் ரவுட்டருக்குப் போகிறது. பதிலோ, குடோன் ரவுட்டரும் கணினியும் ஒரே லேனில் இருப்பதால், நேராகக் கணினிக்கே வந்துவிடுகிறது. முதன்மை ரவுட்டருக்கு உரையாடலின் ஒரு பாதி மட்டுமே தெரிகிறது. அதன் ஃபயர்வால் அடுத்த பாக்கெட்டைச் சந்தேகப்பட்டுத் தடுக்கிறது. குடோன் ரவுட்டரை முதன்மை ரவுட்டரில் தனி இணைப்பாக, வேறொரு ஐபித் தொகுதியில் வைத்தால் போக்கும் வரவும் ஒரே வழியாகிவிடும்.

ரவுட்டிங் சரியாகி, விண்டோஸ் ஃபைல் ஷேரிங் மட்டும் வரவில்லை என்றால், விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த விதி 'லோக்கல் சப்நெட்' என்பதற்கு மட்டும் அனுமதி தந்திருக்கும். அதில் 192.168.20.0/24ஐயும் (192.168.20 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் என்று பொருள்) சேர்க்க வேண்டும்.

## திறந்தது எல்லோருக்கும் திறந்தது

ஃபார்வர்ட் செய்த போர்ட்டை நீங்கள் மட்டும் பார்ப்பதில்லை. இணையம் முழுவதையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. 3389ஐ 13389 என்று மாற்றி வைப்பதால் அவை ஏமாறாது. 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லே மாறாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய தளங்களை முடக்கியது. 2019இல் வெளிப்பட்ட புளூகீப் ஓட்டை, பழைய விண்டோஸ் கணினிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் 3389 வழியாக நுழைய வழி கொடுத்தது. சம்பளக் கணக்கும் ஜிஎஸ்டி விவரமும் இருக்கும் சர்வரை நேரடியாக ஃபார்வர்ட் செய்யாதீர்கள், தயவுசெய்து.

அதற்குப் பதில் விபிஎன் வையுங்கள். வெளியே இருக்கும் கருவியை, பூட்டிய குழாய் ஒன்றின் வழியாக அலுவலக லேனுக்குள் கொண்டுவருவது விபிஎன். வயர்கார்டு என்றால் யுடிபி 51820 என்ற ஒரே போர்ட்டை ரவுட்டரில் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. ஒரு முன்னேற்பாடு அவசியம்: வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே 192.168.1 எண்கள் இருந்தால், கணினி அலுவலக சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலக எண்களை 192.168.10 போன்ற, வீடுகளில் அதிகம் காணாத தொகுதிக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

விபிஎன் வேலை செய்யத் தொடங்கியதும் பழைய ஃபார்வர்டிங் விதிகளை அழியுங்கள். யுபிஎன்பி பட்டியலையும் திறந்து பாருங்கள். கேட்காமலேயே டிவிஆர் தனக்குத்தானே விதி போட்டுக்கொள்ளும் இடம் அது. டிவிஆரிலும் ரவுட்டரிலும் யுபிஎன்பியை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து பொது ஐபியில் 37777ஐ ஒருமுறை முயன்று பாருங்கள். இந்த முறை 'டைம்ட் அவுட்' அல்லது உடனடி மறுப்பு வர வேண்டும்.